சாமான் வந்தது, விலாசம் வரவில்லை: ஒரு ஷேர்பாயின்ட் இடமாற்றம்

அலுவலக ஆவணங்களையும் உள் தளங்களையும் வைத்துக்கொள்ள மைக்ரோசாஃப்ட் தரும் மென்பொருள் ஷேர்பாயின்ட். அதன் 2013 பதிப்புக்கான ஆதரவு 2023 ஏப்ரல் 11-ஆம் தேதியோடு முடியும் என்பது எங்களுக்கு வருடக்கணக்காகத் தெரியும். கையை வைத்தது 2022 தீபாவளி கழிந்த பிறகுதான்.

இடம், இயந்திர உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலை. பெயர் வேண்டாம். வரைபடங்கள், தரக்கட்டுப்பாட்டு நடைமுறைகள், சுற்றறிக்கைகள், லீவு விண்ணப்பம் எல்லாமே ஷேர்பாயின்டில்தான் இருந்தன. ஐடி அறைக்கு வெளியே அதற்கு 'போர்ட்டல்' என்று பெயர். அடியில் ஓடிக்கொண்டிருந்த தரவுத்தள மென்பொருள் எஸ்க்யூஎல் சர்வர் 2012. அதற்கான ஆதரவு 2022 ஜூலை 12-லேயே முடிந்திருந்தது. அதாவது மாடிக்கு நாள் குறித்தாயிற்று, அஸ்திவாரத்துக்கு நாள் கடந்தே போயிற்று.

போக வேண்டிய இடம், 2019-க்கு அடுத்த பதிப்பான ஷேர்பாயின்ட் சப்ஸ்கிரிப்ஷன் எடிஷன், கீழே எஸ்க்யூஎல் சர்வர் 2019. ஓடுகிற சர்வரிலேயே புதிய பதிப்பை ஏற்றிக்கொள்கிற வழி ஷேர்பாயின்டில் 2013-லிருந்தே கிடையாது. புதிதாக ஒரு ஃபார்ம் (சேர்ந்து இயங்கும் சர்வர்களின் கூட்டம்) கட்டி, பழைய கன்டென்ட் டேட்டாபேஸை அதில் கொண்டுபோய் இணைப்பது ஒன்றுதான் முறை. அதுவும் 2013-லிருந்து நேராகப் போக முடியாது. சப்ஸ்கிரிப்ஷன் எடிஷன் ஏற்பது ஷேர்பாயின்ட் 2016, 2019 பதிப்புகளின் தரவுத்தளங்களை மட்டுமே. 2019-க்கும் 2013-ஐ நேரடியாகக் கொடுக்க முடியாது. ஆகவே நடுவில் ஒரு 2016 ஃபார்ம். தரவுத்தளத்தை அதில் இணைத்து, 2016 வடிவத்துக்கு மாற்றி, கழற்றி, மறுபடி பேக்கப் எடுத்து, கடைசி இடத்துக்கு அனுப்ப வேண்டும். நடு ஃபார்முக்கு நாங்கள் வைத்த பெயர் 'சத்திரம்'. ஓர் இரவு தங்குவதற்காக இரண்டு சர்வர் கட்டினோம்.

கன்டென்ட் டேட்டாபேஸ் என்பது என்ன என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் தொல்லைகளுக்கெல்லாம் வேர் இதில்தான். ஆவணங்கள், அவற்றின் பழைய பதிப்புகள், பட்டியல்கள், யாருக்கு எந்த உரிமை என்ற விவரம் எல்லாம் அதற்குள் இருக்கும். சைட் கலெக்ஷன் (ஒரு தளமும் அதன் துணைத்தளங்களும்) முழுதாக ஒரே தரவுத்தளத்துக்குள் அடங்கும். ஆனால் ஃபார்மின் அமைப்பு விவரம் வேறொரு தரவுத்தளம். தேடல் வேறு. வகைச்சொற்களை வைத்திருக்கும் மேனேஜ்டு மெட்டாடேட்டா வேறு. நாமே எழுதி நிறுவிய நிரல்கள் எந்தத் தரவுத்தளத்திலும் முழுதாக இல்லை, பாதி சர்வரின் கோப்புறைகளில் கிடக்கும். கன்டென்ட் டேட்டாபேஸை மட்டும் தூக்கிக்கொண்டு போவது, பீரோவைத் தூக்கிக்கொண்டு சாவிக்கொத்தை ஆணியிலேயே விட்டுவிட்டுப் போவது மாதிரி.

எங்கள் டிபிஏ, அதாவது தரவுத்தள நிர்வாகி, இதை ஒப்புக்கொள்ளவில்லை. அனுபவசாலி, எல்லோருக்கும் அண்ணன். "பேக்கப் எடுக்கிறோம், ரெஸ்டோர் பண்றோம். ஒரு ராத்திரி வேலைப்பா" என்றார். அவர் பங்கு உண்மையிலேயே ஒரு ராத்திரியில் முடிந்தது. மீதி ஐந்து மாதம் எங்கே போயிற்று என்பதுதான் இந்தக் கட்டுரை.

குப்பையைக் கழித்தது

மொத்தம் ஐந்து தரவுத்தளங்கள், அதில் பெரியது 310 ஜிபி. ஒரு கன்டென்ட் டேட்டாபேஸ் 200 ஜிபிக்குள் இருப்பது நல்லது என்பது மைக்ரோசாஃப்டின் பொதுவான பரிந்துரை. தாண்டினால் ஓடாது என்றில்லை. ஆனால் ஒவ்வொரு ஒத்திகையிலும் அத்தனையையும் இரண்டு முறை பேக்கப் எடுத்து, இரண்டு முறை ரெஸ்டோர் செய்து, இரண்டு முறை பதிப்பு உயர்த்த வேண்டும் என்று யோசித்தால் ஆசை விட்டுப்போகும்.

உள்ளே பார்த்தால் பாதி இடம் பழைய பதிப்புகள். வரைபட நூலகங்களில் பதிப்பு எண்ணிக்கைக்கு வரம்பே வைக்கவில்லை. வரம்பை வைத்ததும் குறைந்துவிடும் என்று நினைத்தோம், குறையவில்லை. அந்தக் கோப்பை யாராவது அடுத்த முறை திருத்திச் சேமிக்கும்போதுதான் கூடுதல் பதிப்புகள் கழியும். யாரும் தொடாத வரைபடத்தின் 60 பதிப்புகள் அப்படியே உட்கார்ந்திருக்கும். அதற்குத் தனியாக விண்டோஸின் கட்டளை மொழியான பவர்ஷெல்லில் எழுதித்தான் நீக்கினோம். பிறகு இரண்டு கட்டக் குப்பைத்தொட்டியையும் காலி செய்தோம். தணிக்கைப் பதிவுகள் ஒரு தனி மலை, எப்போதோ யாரோ ஓர் ஆய்வுக்காக எல்லா நிகழ்வுகளையும் பதியும்படி வைத்துவிட்டு மறந்திருந்தார்கள். மிஞ்சியதை மூவ்-எஸ்பிசைட் கட்டளையால் இரண்டு தரவுத்தளங்களாகப் பிரித்தோம். ஒவ்வொன்றும் 120 ஜிபிக்குள் வந்தது.

2010 தோற்றத்திலேயே நின்றுபோன சைட் கலெக்ஷன்கள் சில இருந்தன. 2013 ஃபார்முக்குள் ஒரு சைட் 14 என்ற பழைய 2010 நிலையிலேயே வாழலாம். 2016 அதை ஏற்காது, எல்லாம் 15 என்ற 2013 நிலைக்கு வந்திருக்க வேண்டும். பழைய வீட்டிலேயே அதை முடித்தோம். சத்திரத்தில் போய்ச் சண்டை போட முடியாது.

சோதனைக் கட்டளை சொன்னது

தரவுத்தளத்தின் நகலைச் சத்திரத்து எஸ்க்யூஎல் சர்வரில் ரெஸ்டோர் செய்து, இணைப்பதற்கு முன் ஓட்ட வேண்டியது டெஸ்ட்-எஸ்பிகன்டென்ட்டேட்டாபேஸ். அது எதையும் மாற்றாது. தரவுத்தளத்துக்குள் குறிப்பிடப்பட்டு, இந்த ஃபார்மில் இல்லாதவற்றைப் பட்டியல் போடும்: இன்ன ஃபீச்சர் இல்லை, இன்ன வெப் பார்ட் (பக்கத்தில் பொருத்தும் துண்டு) இல்லை, இன்ன அசெம்பிளி (நிரல் கோப்பு) இல்லை, இன்ன கோப்பு இல்லை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் இது மேம்படுத்தலைத் தடுக்குமா என்று ஒரு வரி வரும். எங்களுக்கு ஏறக்குறைய எல்லாவற்றிலும் 'இல்லை' என்றே வந்தது.

அந்த 'இல்லை'யை நம்பித்தான் பலரும் குழியில் விழுகிறார்கள். மேம்படுத்தல் நிற்காது என்றுதான் அதற்கு அர்த்தம். பக்கம் திறக்கும் என்று அர்த்தமில்லை. முதல் ஒத்திகையில் நாங்களும் அதைக் கண்டுகொள்ளாமல் இணைத்தோம். மேம்படுத்தல் பிழையில்லாமல் முடிந்தது. லீவு சைட்டின் முகப்புப் பக்கம் மட்டும் பிழைச் செய்தியோடு நின்றது.

அந்த லீவு சைட்டுக்கு ஒரு சரித்திரம் உண்டு. விண்டோஸ் ஷேர்பாயின்ட் சர்வீசஸ் 3.0 காலத்தில் மைக்ரோசாஃப்ட் இலவசமாக 40 வார்ப்புருக்களைக் கொடுத்தது. 'ஃபேப் 40' என்பார்கள். விடுமுறை அட்டவணை, உதவி மையம், நூலகம் என்று அலுவலகத்துக்கு வேண்டியதெல்லாம் அதில் இருந்தது. அப்போது யாரோ அதிலிருந்து லீவு சைட்டை உருவாக்கியிருக்கிறார். அது 2010-க்கு வந்து, 2013-க்கு வந்து, ஒவ்வொரு முறையும் பழைய கோப்புகளைப் புதிய சர்வரில் நகலெடுத்துப் போட்டே உயிர் கொடுத்திருக்கிறார்கள். எங்கும் எழுதிவைக்கவில்லை. செய்தவர்கள் யாரும் இப்போது இங்கே இல்லை.

இன்னொரு முறை உயிர் கொடுக்க வேண்டாம் என்று முடிவு செய்தேன். பதிவுகளை மட்டும் ஒரு சாதாரணப் பட்டியலுக்கு மாற்றி, புது சைட் கட்டிக்கொடுத்தோம். மனிதவளப் பிரிவு பழைய நிறத்தைக் கேட்டது, அதோடு சமாதானமானார்கள்.

மற்ற அனாதைக் குறிப்புகள் எந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்று கண்டுபிடிக்க, ரெஸ்டோர் செய்த நகலில் வாசிப்பு வினவல் மட்டும் ஓட்டினோம். நீக்கியது பவர்ஷெல் வழியாக, உண்மையான ஃபார்மில். ஒரு வரி டெலீட் போட்டால் முடிந்துவிடுமே என்று கை துறுதுறுக்கும். ஷேர்பாயின்டின் தரவுத்தளத்தை எஸ்க்யூஎல்லில் நேரடியாகத் திருத்தினால் மைக்ரோசாஃப்ட் ஆதரவு கிடையாது என்பது பழைய விதி. அதைவிட, எந்த அட்டவணை எதோடு பிணைந்திருக்கிறது என்பது நமக்கு முழுதாகத் தெரியாது.

ஆளும் பெயரும்

அதே சோதனைப் பட்டியலில் இன்னொரு வரியும் இருந்தது: வெப் அப்ளிகேஷன் (தளங்களைத் தாங்கும் மேல் அமைப்பு) கிளெய்ம்ஸ் முறையில் இருக்கிறது, இந்தத் தரவுத்தளமோ கிளாசிக் முறைக்கானது.

இரண்டும் பயனரை அடையாளம் காணும் முறைகள். பழைய கிளாசிக் முறையில் ஒரு பயனர், டொமைன் பெயர், சாய்கோடு, பயனர் பெயர் என்று பதிவாகியிருப்பார். கிளெய்ம்ஸ் முறையில் அதற்கு முன்னால் ஒரு முன்னொட்டு சேரும். ஐ என்ற ஆங்கில எழுத்து, அப்புறம் இரட்டைப்புள்ளி, பூஜ்யம், ஹேஷ் குறி, புள்ளி, டபிள்யூ, கடைசியில் நெட்டுக்கோடு. பார்ப்பதற்கு யாரோ தவறுதலாகத் தட்டியது போலிருக்கும். ஷேர்பாயின்டுக்கு முன்னொட்டு உள்ளவரும் இல்லாதவரும் வெவ்வேறு ஆட்கள். முதலாமவருக்குக் கொடுத்த உரிமை இரண்டாமவருக்குக் கிடையாது.

2013 ஃபார்மிலேயே கன்வெர்ட்-எஸ்பிவெப்அப்ளிகேஷன் ஓட்டி, உரிமைகளைத் தக்கவைத்து மாற்றினோம். அது ஒரு சனிக்கிழமை இரவில் சத்தமில்லாமல் முடிந்தது. முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். அந்த முன்னொட்டு மறுபடி வரும்.

வகைச்சொற்கள்

முதல் ஒத்திகையில் செய்த இன்னொரு பிழை. மேனேஜ்டு மெட்டாடேட்டாவில் எங்களிடம் இருந்தது கொஞ்சம்தான்: பிரிவுப் பெயர்கள், இயந்திர வகைகள், ஆவண நிலை. அதற்காக ஒரு தரவுத்தளத்தை இரண்டு படி தாண்டவைப்பானேன், புது ஃபார்மில் அதே பெயர்களில் கையால் உருவாக்கிவிடலாம் என்று யோசனை சொன்னவன் நான்தான். உருவாக்கினோம், எழுத்துப்பிழைகூட இல்லை. நூலகத்தைத் திறந்தால் அந்த நெடுவரிசை முழுக்கச் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது.

நெடுவரிசை சொல்லின் பெயரைப் பார்ப்பதில்லை. சொல்லுக்கு ஓர் அடையாள எண், அந்தச் சொற்கிடங்குக்கே ஓர் அடையாள எண், இரண்டையும் பார்க்கிறது. புதிதாக உருவாக்கினால் இரண்டும் புதிது. பெயர் ஒன்று, ஆள் வேறு, மறுபடியும் அதே கதை. அடுத்த ஒத்திகையில் மெட்டாடேட்டா தரவுத்தளத்தையும் கன்டென்ட் டேட்டாபேஸுக்கு முன்னாலேயே சத்திரம் வழியாக அனுப்பினோம், நெடுவரிசைகளுக்கு உயிர் வந்தது.

இன்னொரு நாள் முழுக்க 401.1 என்ற உள்நுழைவு மறுப்புப் பிழையோடு மல்லுக்கட்டினோம். புது சர்வரில் உட்கார்ந்து அதன் தளத்தையே அதன் முழுப்பெயரில் திறந்தால் கடவுச்சொல்லை மூன்று முறை கேட்டுவிட்டு விரட்டியது. பக்கத்து மேசைக் கணினியில் அதே தளம் ஒழுங்காகத் திறந்தது. சர்வர் தன்னையே வேறு பெயரில் கூப்பிட்டால் தடுக்கிற விண்டோஸின் லூப்பேக் சோதனை அது. வேலையில் 15 வருடம் கழித்தும் ஒவ்வொரு புது சர்வரிலும் இதில் ஒரு முறை விழுகிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்த வார இறுதி

மூன்று ஒத்திகைக்குப் பிறகு, மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு எல்லாத் தரவுத்தளங்களையும் எஸ்க்யூஎல்லில் 'படிக்க மட்டும்' என்று மாற்றினோம். அப்படி மாற்றினால் ஷேர்பாயின்ட் தானே புரிந்துகொண்டு திருத்தும் பொத்தான்களை மறைத்துவிடும். தளத்தை மூட வேண்டியதில்லை. இரவு ஷிஃப்டில் வரைபடம் பார்ப்பவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். முடியாமல் நின்ற ஒப்புதல்களை வியாழனுக்குள் முடிக்கச் சொல்லி இரண்டு வாரமாகத் துரத்தியிருந்தோம்.

அண்ணன் பேக்கப் எடுத்தார், சிதையவில்லை என்று சரிபார்க்கும் செக்சம் போட்டு. சத்திரத்தின் எஸ்க்யூஎல் சர்வர் 2016-ல் ரெஸ்டோர், படிக்க மட்டும் என்பதை நீக்கி, ஃபார்ம் கணக்குக்கு உரிமை கொடுத்து, இணைக்கும் கட்டளையான மவுன்ட்-எஸ்பிகன்டென்ட்டேட்டாபேஸ். சனிக்கிழமை காலை 7 மணிக்குச் சத்திரத்தைக் காலி செய்தோம். இங்கே ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். புதிய எஸ்க்யூஎல் சர்வரில் ஏறிய தரவுத்தளத்தைப் பேக்கப் எடுத்துப் பழைய பதிப்பில் ரெஸ்டோர் செய்ய முடியாது. போகும் வழி மட்டும்தான், திரும்பும் வழி இல்லை. திரும்ப வேண்டுமென்றால் தொடாமல் வைத்திருக்கும் பழைய தரவுத்தளத்துக்குத்தான் திரும்ப வேண்டும். அதனால் அவற்றைப் படிக்க மட்டும் நிலையிலேயே பழைய சர்வரில் விட்டுவைத்தோம்.

கடைசி ஃபார்மில் எஸ்க்யூஎல்லின் மேக்ஸ்டாப் (ஒரு வினவலை எத்தனை பிராசசருக்குப் பிரிக்கலாம் என்ற அமைப்பு) 1 என்று முன்பே வைத்தாயிற்று. ஷேர்பாயின்டுக்கு அது கட்டாயம். சர்வரின் சொந்தப் பெயரைக் கொடுக்காமல் ஒரு மாற்றுப்பெயர் வழியாகவே ஃபார்மை இணைத்திருந்தோம், அடுத்த முறை சர்வரை மாற்றுகிறவருக்கு வேலை குறையட்டும் என்று. சனிக்கிழமை மாலையில் எல்லாம் இணைந்துவிட்டது. தேடலுக்கான முழு வாசிப்பைத் தொடங்கினோம். தேடல் அட்டவணை இடம் மாறி வருவதில்லை, புது இடத்தில் முதலிலிருந்து கட்ட வேண்டும். நம் ஆட்கள் பாதிப்பேர் கோப்புறை வழியாகப் போவதே இல்லை, தேடலில் வரவில்லையென்றால் 'ஃபைலைத் தொலைச்சிட்டாங்க' என்பார்கள். அதனால் திங்கள் காலைக்குள் அது முடிவது எங்களுக்கு முக்கியம்.

ஞாயிறு மாலை ஐந்து பிரிவுகளிலிருந்து ஒவ்வொருவர் வந்து உட்கார்ந்து பார்த்தார்கள். திறந்தது, திருத்தியது, சேமித்தது. இரவு 9 மணிக்கு டிஎன்எஸ்ஸில் போர்ட்டலின் பெயரைப் புது முகவரிக்குத் திருப்பினோம். பிரியாணி வந்தது.

திங்கள் காலை

8:40-க்குத் தொலைபேசி. தரக்கட்டுப்பாட்டுப் பிரிவின் மேற்பார்வையாளர். "சார், என்னோட சைட்டையே எனக்கு ஷேர் பண்ணலைன்னு சொல்லுது சார். பத்தரைக்கு ஆடிட்டர் வர்றார்."

அவருக்கு மட்டுமா என்று பார்த்தால் எல்லோருக்கும். தள நிர்வாகிகளுக்கும்கூட. நான் பேருந்தில் இருந்தேன். அலுவலகத்தில் இருந்தது எங்கள் குழுவின் இளையவர், இரவெல்லாம் விழித்த தம்பி. "நேத்து நாங்க எல்லாம் போனப்புறம் எதையாவது தொட்டியா?" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "ஈவன்ட் லாக்ல ஒரு வார்னிங் வந்துட்டே இருந்துச்சுண்ணா. அதை மட்டும் சரி பண்ணேன்."

அந்த எச்சரிக்கை எண் 7362. பக்கங்களை வேகமாகத் தர விவரங்களை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் ஷேர்பாயின்டின் ஆப்ஜெக்ட் கேஷுக்குத் தனியாக இரண்டு கணக்குகள் குறிக்கச் சொல்லும். சூப்பர் யூசர், சூப்பர் ரீடர். முதலாவதற்கு முழு அதிகாரம், இரண்டாவதற்கு முழு வாசிப்பு உரிமை. குறிக்காவிட்டாலும் தளம் ஓடும், வேகம் கொஞ்சம் குறையும். தவறாகக் குறித்தால் தளம் யாரையும் உள்ளே விடாது. தம்பி 2010 காலத்து ஸ்கிரிப்ட் ஒன்றை எங்கள் பகிர்வுக் கோப்புறையிலிருந்து எடுத்து ஓட்டியிருக்கிறார். அதில் கணக்குகள் முன்னொட்டு இல்லாமல் இருந்தன. இரவில் ஓட்டியபோது எதுவும் ஆகவில்லை, ஏனென்றால் அந்த மாற்றம் விண்டோஸின் வலை சர்வரான ஐஐஎஸ் மறுபடி தொடங்கினால்தான் அமலுக்கு வரும். அதிகாலையில் ஐஐஎஸ்ஸுக்குள் தளத்தை ஓட்டும் ஆப் பூல்கள் வழக்கம்போல் தாமாகவே புதுப்பித்துக்கொண்டன. அத்தோடு கதவு மூடியது.

பேருந்தில் நின்றபடியே முன்னொட்டைச் சொன்னேன். "ஐ போடு. சின்ன ஐ. கோலன். ஜீரோ, ஓ இல்ல, ஜீரோ. ஹேஷ். டாட். டபிள்யூ. அப்புறம் நேரா நிக்கிற கோடு, என்டர் கீக்கு மேல இருக்கு பாரு. மொத்தத்தையும் மேற்கோளுக்குள்ள போடு, இல்லேன்னா பவர்ஷெல் அந்தக் கோட்டைப் பைப்னு எடுத்துக்கும்." பக்கத்தில் நின்ற அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். இரண்டு கணக்குகளையும் திருத்தி, ஐஐஎஸ்ஸை மறுபடி தொடங்கியபோது மணி 9:15. ஆடிட்டர் வந்தபோது போர்ட்டல் ஓடிக்கொண்டிருந்தது.

தம்பியை யாரும் திட்டவில்லை. ஒத்திகை மூன்றிலும் அந்த எச்சரிக்கை வந்தது, மூன்றிலும் அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளியது நான். அந்த ஸ்கிரிப்டைக் கோப்புறையில் போட்டு வைத்ததும் நான்தான். மேலே தேதிகூட எழுதவில்லை.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் சில்லறை. சில எக்செல் கோப்புகளில் பழைய சர்வரின் பெயரே இணைப்பாகப் பதிந்திருந்தது. போர்ட்டலின் பெயரில் இருந்த இணைப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் பெயரை நாங்கள் மாற்றவில்லை. தேடல் செவ்வாய் மதியம்தான் முழுமையானது. அதுவரை 'தொலைந்த' ஃபைல்கள் பற்றி நாற்பது அழைப்பாவது வந்திருக்கும்.

ஆறு வாரம் கழித்து, இனித் திரும்பத் தேவையில்லை என்று எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொண்டு, பழைய எஸ்க்யூஎல் சர்வரை நிறுத்தினோம். மறுநாள் காலை உற்பத்தித் திட்டப் பிரிவிலிருந்து அழைப்பு. அவர்களுடைய தினசரி எக்செல் அறிக்கை திறக்க மாட்டேன் என்கிறது. போய்ப் பார்த்தேன். பல வருடத்துக்கு முன் யாரோ அந்த எக்செல்லை ஓடிபிசி என்ற தரவுத்தள இணைப்பு வழியாக நேராகக் கன்டென்ட் டேட்டாபேஸிலேயே கொக்கி போட்டு, ஒரு பட்டியலின் எண்ணிக்கைகளை இழுக்கும்படி செய்திருக்கிறார். கொக்கி இருந்தது பழைய சர்வரில். நாங்கள் படிக்க மட்டும் என்று பத்திரமாக வைத்திருந்த அந்தத் தரவுத்தளம் ஆறு வாரமும் கேட்டபோதெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. மார்ச் மாதத்து அந்த வெள்ளிக்கிழமை மாலை 6 மணி நிலவரத்தை, நாள் தவறாமல்.

"நேத்து வரைக்கும் கரெக்டா வந்துச்சே சார்" என்றார் அவர்.